நியூட்ரினோவின் நிறையும் அண்டத்தின் கரும்பொருளும்

(தோப்பும்படியில் மாணவர்களும் அரசு அலுவலர்களும் கூடிய அவையில் நிகழ்த்தப்பட்ட உரை)

தோப்பும்படித் துறைமுகத்தில் மீன்தொழில் செய்வோர் அமாவாசையை அறிவதற்கு வானத்தை நோக்க வேண்டுவதில்லை. காயல் நீரை நோக்கினாலே போதும். அன்று நிலவு கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆயினும் பௌர்ணமியன்று ஓதம் எவ்வாறு பெருகுகிறதோ அவ்வாறே அமாவாசையன்றும் பெருகிப் பழைய துறைமுகப் பாலத்தின் தூண்களில் ஏறி நிற்கிறது. ஒளி தராத ஒரு பொருள் அங்கே இருக்கிறது என்பதை அதன் ஈர்ப்பே அறிவித்துவிடுகிறது.

வானியலார் அண்டத்தின் கரும்பொருளைக் கண்டுகொண்டதும் இவ்வழியிலேயே ஆகும். 1933ஆம் ஆண்டில் ஃபிரிட்ஸ் சுவிக்கி என்பார் கோமா எனப்படும் விண்மீன் மண்டலக் கூட்டத்தை ஆராய்ந்தார். அதிலுள்ள மண்டலங்கள் ஓடும் வேகத்தைப் பார்த்தால், ஒளிரும் பொருளின் ஈர்ப்பு மட்டும் அவற்றைக் கட்டி வைத்திருக்க இயலாது என்று கண்டார். பெரும்பாலோர் இதனைப் பொருட்படுத்தவில்லை. 1970களில் வீரா ரூபினும் கென்ட் ஃபோர்டும் சுழல் மண்டலங்களின் வேகத்தை ஒவ்வொன்றாக அளந்து காட்டிய பின்னரே ஐயம் நீங்கலாயிற்று. இன்றைய கணக்கின்படி அண்டத்தின் மொத்த ஆற்றலில் அணுக்களால் ஆன பொருள் நூற்றுக்கு 5 பங்கு; கரும்பொருள் ஏறத்தாழ 27 பங்கு; எஞ்சியது இன்னும் புதிரான கருவாற்றல். விண்மீன்கள், கடல்கள், மனிதர் யாவும் அந்த 5 பங்கில் அடங்கிவிடுகின்றன.

கரும்பொருள் எதனால் ஆனது? இவ்வினாவுக்கு முதலில் கைக்கெட்டிய விடை நியூட்ரினோ என்பது. அந்த விடை பொருந்தாமற் போயிற்று. ஆனால் பொருந்தாமற் போன அந்த விடையே வேறொரு பாதையைத் திறந்துவிட்டது. அப்பாதையின் பல திருப்பங்களில் இந்திய விஞ்ஞானிகளின் பெயர்கள் காணப்படுகின்றன.

கோலார் சுரங்கத்தில்

நியூட்ரினோ ஒன்று உண்டு என்று 1930இல் பௌலி ஊகித்தார். 1956இல் ரைன்ஸும் கோவனும் அணு உலை ஒன்றின் அருகே அதனைக் கண்டறிந்தனர். மின்னேற்றம் இல்லாத இத்துகள் பிற பொருள்களுடன் மிக அரிதாகவே வினைபுரிவது. கதிரவனிலிருந்து புறப்படும் நியூட்ரினோக்கள் மட்டும் புவியில் ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பின் வழியே நொடிக்கு ஏறத்தாழ 6,500 கோடி ஊடுருவிச் செல்கின்றன. இவற்றைத் தடுக்கக் கூரையும் இல்லை, மலையும் இல்லை. எனவே இவற்றைப் பிடிக்க விரும்புவோருக்கு ஒரு வசதி உண்டு. மலையின் அடியிலோ சுரங்கத்தின் அடியிலோ கருவியை வைத்தால் பிற காஸ்மிக் கதிர்கள் யாவும் பாறையில் தங்கிவிடும்; நியூட்ரினோ மட்டுமே வந்து சேரும்.

கோலார் தங்கவயல் அத்தகைய இடமாக அமைந்தது. உலகின் மிக ஆழமான சுரங்கங்களில் ஒன்றான அங்கே, 1951 முதலே டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த பி.வி. ஸ்ரீகண்டன் கருவிகளை இறக்கிக் காஸ்மிக் கதிர்களை அளந்து வந்தார். 1960களின் தொடக்கத்தில் மேலும் ஆழத்திற்குச் சென்று அளந்தபோது, மிக ஆழமான இடத்தில் ஏறத்தாழ இரண்டு மாதம் காத்திருந்தும் கருவியில் ஒரு துகளேனும் பதிவாகவில்லை. வேறு ஆய்வாக இருப்பின் இதைத் தோல்வி என்பர். இங்கே இதுவே பெறுதற்கரிய செய்தியாயிற்று. அவ்வளவு அமைதியான இடத்தில் ஏதேனும் ஒன்று பதிவாகுமாயின் அது நியூட்ரினோவின் செயலாகவே இருத்தல் வேண்டும் அல்லவா? டாட்டா நிறுவனமும் இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகமும் ஜப்பானின் ஒசாகா நகரப் பல்கலைக்கழகமும் கூடி 2.3 கிலோமீட்டர் ஆழத்தில் கருவிகளை நிறுவின. காற்று மண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோ 1965இல் அங்கே கண்டறியப்பட்டது. அதே ஆண்டில் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கம் ஒன்றில் ரைன்ஸ் குழுவினரும் அதனைக் கண்டனர்.

அச்சுரங்கத்தின் தொழிலாளர்களுள் பெரும்பாலோர் வட ஆற்காடு முதலிய தமிழ் மாவட்டங்களிலிருந்து சென்று குடியேறியவர்களின் வழித்தோன்றல்கள். பாறை வெடிக்கும் அபாயமும் தாங்கொணா வெப்பமும் நிறைந்த அவ்வாழத்தில் விஞ்ஞானிகள் ஆண்டுக்கணக்கில் ஆய்வு நடத்த முடிந்தது அத்தொழிலாளரின் திறமையால்தான். ஆய்வுக் கட்டுரைகளின் தலைப்பில் இவர்கள் பெயர் இடம்பெறுவதில்லை. பேச்சிலாவது இடம்பெறுதல் தகும்.

கௌசிக்கின் கணக்கு

1972இல் ராமநாத் கௌசிக்கும் மெக்லெல்லண்டும் ஓர் எளிய கேள்வியை எழுப்பினர். பெருவெடிப்பில் எஞ்சிய நியூட்ரினோக்கள் வெளியெங்கும் நிறைந்துள்ளன. இன்றைய மதிப்பின்படி ஒரு கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 336. அணுக்களையோ அண்டம் முழுவதும் சமமாகப் பரப்பினால் நான்கு கன மீட்டருக்கு ஒன்று வீதமே தேறும். இத்துணை மிகுதியான நியூட்ரினோவுக்குச் சிறிதளவு நிறை இருந்தாலும் அதன் கூட்டு ஈர்ப்பு அண்டத்தின் விரிவையே மாற்றிவிடும். அவ்வாறு மாறவில்லையாதலால் அந்நிறைக்கு ஓர் உச்ச வரம்பு கட்டாயம் உண்டு. இதுவே அவர்களின் வாதம். சோவியத் விஞ்ஞானிகள் கெர்ஷ்டைனும் செல்டோவிச்சும் 1966இலேயே இவ்வழியைத் தொட்டிருந்தனர். எனினும் அடுத்த ஆண்டில் கௌசிக்கும் மெக்லெல்லண்டும் ஒருபடி மேலே சென்று, சுவிக்கி கண்ட காணாப் பொருள் இந்த நியூட்ரினோவாகவே இருக்கலாம் என்றனர். ஆய்வுக்கூடத்துத் துகள் ஒன்றையும் வானத்துப் புதிர் ஒன்றையும் அவர்கள் ஒரே கணக்கில் கொண்டுவந்தனர். துகள் இயற்பியலும் அண்டவியலும் இன்று கைகோத்து நடப்பதற்கு இட்ட முதல் அடிகளுள் இதுவும் ஒன்று.

அந்த விடை பிழைத்ததற்குக் காரணம் நியூட்ரினோவின் வேகம். அண்டம் இளமையாக இருந்தபோது நியூட்ரினோக்கள் ஏறக்குறைய ஒளியின் வேகத்தில் பறந்தன. அத்தகையவை ஓரிடத்தில் திரண்டு சிறு மண்டலங்களை உருவாக்க இயலாது. உருவாகத் தொடங்கிய சிறு திரள்களையும் கலைத்துவிடும். வானில் காணப்படுவதோ இதற்கு மாறானது. ஆகவே கரும்பொருளின் பெரும்பகுதி மெல்ல நகரும் குளிர்ந்த பொருளாக இருத்தல் வேண்டும். இன்றைய வரம்புகளின்படி அதில் நியூட்ரினோவின் பங்கு நூற்றில் ஒன்றுக்கு மேல் இராது.

நிறை எங்கிருந்து வந்தது?

இனி, நியூட்ரினோவுக்கு நிறை உண்டா என்பதே நெடுநாள் விவாதமாக இருந்தது. இதே வேம்பநாட்டுக் காயலை அடுத்த கோட்டயம் மாவட்டத்துப் பள்ளம் என்னும் ஊரில் 1931இல் பிறந்து, சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் பயின்ற இ.சி.ஜி. சுதர்சன் இவ்விவாதத்தில் முக்கியமானவர். 1957இல் அவரும் மார்ஷக்கும் கண்ட கொள்கையின்படி, வலுக்குறைந்த அணுக்கரு விசையில் பங்குபெறும் நியூட்ரினோ ‘இடக்கை’த் துகளாகும். அதாவது, அது செல்லும் திசையை நோக்க அதன் சுழற்சி எப்போதும் இடமுறுக்குத் திருகாணியைப் போன்றது. நிறையுள்ள துகள் ஒளியைவிட மெதுவாகவே செல்லும், அதனை முந்திச் சென்று திரும்பிப் பார்ப்பவருக்கு அதன் திசை மாறித் தோன்றும், சுழற்சி மாறாது, இடக்கை வலக்கையாகிவிடும். எனவே, வலக்கை நியூட்ரினோவுக்கு இடமே வைக்காமற் கட்டப்பட்ட பிற்காலக் கொள்கையில் நியூட்ரினோவின் நிறை சுழி என்றாயிற்று.

அம்முடிவு நிலைக்கவில்லை. 1998இல் ஜப்பானின் சூப்பர் காமியோகாண்டே ஆய்வும், 2001–02இல் கனடாவின் சட்பரி ஆய்வும் நியூட்ரினோக்கள் வழியிலேயே ஒரு வகையிலிருந்து மற்றொரு வகைக்கு மாறுவதை மெய்ப்பித்தன. நிறையின்றி அத்தகைய மாற்றம் நிகழாது. காஜிடாவும் மெக்டொனால்டும் இதற்காக 2015இல் நோபல் பரிசு பெற்றனர். நிறை உண்டு, ஆனால் மிகச் சிறிது. துகள்களின் நிறையை எலெக்ட்ரான் வோல்ட் என்னும் அலகில் கூறுவர். புரோட்டானின் நிறை ஏறத்தாழ 100 கோடி; எலெக்ட்ரானின் நிறை 5,11,000. நியூட்ரினோவின் நிறையோ 0.45க்கு உட்பட்டது என்று ஜெர்மனியின் காட்ரின் ஆய்வு 2025இல் அறிவித்தது. மூன்று வகைகளுள் ஒன்றேனும் 0.05 அளவை எட்டியிருத்தல் வேண்டும் என்பது வகைமாற்றக் கணக்கு.

இவ்வளவு சிறிதாக இருப்பானேன்? 1977 முதல் 1980 வரை பல நாடுகளில் ஒரே கருத்து முளைத்தது. ஒடிசாவில் பிறந்த ரவீந்திரநாத் மகாபாத்ராவும் செஞ்சனோவிச்சும் 1980இல் எழுதிய கட்டுரை அவற்றுள் புகழ்பெற்றது. கிணற்று ஏற்றத்தில் ஒரு முனை தாழ மறுமுனை உயர்வதைப் போன்றது இக்கருத்து. வலக்கை நியூட்ரினோ உண்டு, ஆனால் அது மிகக் கனமானது. அது எவ்வளவு கனக்கிறதோ அவ்வளவுக்கு இடக்கை நியூட்ரினோ இலேசாகிறது. விதி எளிது: வழக்கமான துகள்களுக்குரிய ஒரு நிறையை வர்க்கமாக்கி, அந்தக் கனத்தால் வகுத்தால் நியூட்ரினோவின் நிறை கிட்டும். அந்தக் கனம் எவ்வளவு என்பதைக் கொள்கை தானாகச் சொல்வதில்லை. இங்கேதான் மற்றொரு புதிர் வந்து சேருகிறது.

தூக்குக்குண்டின் ஆட்டம்

நியூட்ரானுக்கு மொத்தத்தில் மின்னேற்றம் இல்லை. ஆனால் அதனுள்ளே நேர்மின், எதிர்மின் குவார்க்குகள் உள்ளன. இவ்விரண்டின் மையங்கள் சற்றே விலகி நிற்கலாம் என்று வலுமிக்க அணுக்கரு விசையின் கொள்கை அனுமதிக்கிறது. ஒரு கோணத்தால் அவ்விலகலைக் குறிக்கிறது. எத்தனை நுட்பமாக அளந்தும் விலகல் காணப்படவில்லை. அக்கோணம் இருக்குமாயின் 1,000 கோடியில் ஒரு பங்கிற்கும் குறைவு. இயற்கை ஏன் இவ்வளவு கண்டிப்பாகச் சுழியைத் தேர்ந்தது?

1977இல் பெச்சேயும் குவின்னும் கூறிய விடை வருமாறு. அக்கோணம் என்றென்றைக்கும் நிலைத்த எண் அன்று, நகரக்கூடிய ஒன்று. கொத்தனாரின் தூக்குக்குண்டை எந்தச் சாய்வில் பிடித்து விட்டாலும் அது தானே செங்குத்துக்கு வந்துவிடுவது போல, அக்கோணமும் தானே சுழிக்கு வந்துவிடுகிறது. அவ்வாறாயின் அக்குண்டின் சிற்றாட்டமே ஒரு புதிய துகளாக வெளிப்படும் என்று வைன்பெர்க்கும் வில்செக்கும் 1978இல் காட்டினர். வில்செக் அத்துகளுக்கு ஆக்சியான் என்று பெயரிட்டார். அது அமெரிக்கக் கடைகளில் விற்ற ஒரு சலவைத்தூளின் பெயர். அழுக்கு நீங்கியது என்ற குறிப்பு போலும்.

முதலில் கருதப்பட்ட ஆக்சியான் ஆய்வுகளில் அகப்படவில்லை. ஆகவே மிக இலேசானதும் பிறவற்றுடன் அரிதாகவே வினைபுரிவதுமான ஆக்சியான் அடுத்த சில ஆண்டுகளில் முன்மொழியப்பட்டது. 1983இல் மூன்று குழுவினர் தனித்தனியே ஒரு முடிவுக்கு வந்தனர். தூக்குக்குண்டு நிற்கும் முன் சிறிது ஆடுமல்லவா? அண்டத்தின் தொடக்கத்தில் தொடங்கிய அவ்வாட்டம் இன்னும் முற்றிலும் ஓயவில்லை. அதில் தங்கியுள்ள ஆற்றல், மெல்ல நகரும் குளிர்ந்த பொருளைப் போலவே நடந்துகொள்ளும். நியூட்ரினோவால் நிரப்ப முடியாத இடத்தை ஆக்சியான் நிரப்பக்கூடும்.

ஆக்சியானுக்கும் ஓர் அளவுகோல் தேவை. விண்மீன்கள் மிக விரைவில் குளிர்ந்துவிடாதிருக்க, அவ்வளவுகோல் புரோட்டான் நிறையைப் போல் ஏறத்தாழ 100 கோடி மடங்குக்கு மேற்பட வேண்டும். கரும்பொருள் அளவுக்கு மீறிப் பெருகாதிருக்க, எளிய கணக்கின்படி ஒரு இலட்சம் கோடி மடங்குக்கு மிகாதிருக்க வேண்டும். அதே 1983இல் மகாபாத்ராவும் செஞ்சனோவிச்சும் இவ்வளவுகோலையே வலக்கை நியூட்ரினோவின் கனமாகக் கொள்ளலாமே என்று எடுத்துக்காட்டினர். இரண்டு புதிர்களுக்கு இரண்டு தனித்தனி அளவுகோல்கள் எதற்கு?

மாணவர்கள் இதைத் தாளில் போட்டுப் பார்க்கலாம். வழக்கமான நிறையைப் புரோட்டானைப் போல் 10 மடங்கு எனக் கொள்க, வர்க்கம் 100. இதனை ஒரு இலட்சம் கோடியால் வகுத்தால் 1,000 கோடியில் 1. புரோட்டானின் நிறை 100 கோடி எலெக்ட்ரான் வோல்ட் ஆதலால் நியூட்ரினோவின் நிறை 0.1 எலெக்ட்ரான் வோல்ட் ஆகிறது. ஆய்வுகள் காட்டும் 0.05க்கும் 0.45க்கும் இடையில் இது அமைகிறது! அதே அளவுகோல் ஆக்சியானுக்கு ஏறத்தாழ 5.7 மைக்ரோ எலெக்ட்ரான் வோல்ட் நிறையைத் தருகிறது. கரும்பொருளும் அதே அளவில் கிட்டுகிறது.

இதில் மயங்கிவிடலாகாது. 10 என்னும் எண்ணைக் கொள்கை தரவில்லை; கணக்கிடுபவர் தேர்ந்துகொண்டது. அதனை மாற்றினால் விடையும் மாறும். எனவே இது பொருத்தமேயன்றி நிரூபணம் ஆகாது. எனினும் தொடர்பற்றவை எனக் கருதப்பட்ட மூன்று புதிர்களை ஒரே எண் தொட்டுச் செல்வது தற்செயலா என்று கேட்காமலிருக்க இயலவில்லை. இவ்வழியில் பின்னரும் பலர் நடந்தனர். 2016இல் பாலெஸ்டெரோஸ், ரெடோண்டோ, ரிங்வால்ட், டமாரிட் ஆகியோர் அண்டத்தின் தொடக்க விரிவையும் இதனுடன் இணைத்து ‘ஸ்மாஷ்’ என்ற கொள்கையை அமைத்தனர்.

சோதிப்பது எங்கே?

காகிதத்தில் எழுதிய பொருத்தத்தைக் கருவியால் சோதிக்க வேண்டும். வலிமையான காந்தப் புலத்தில் ஆக்சியான் நுண்ணலையாக மாறக்கூடும் என்று 1983இல் சிகிவி காட்டினார். அமெரிக்காவில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் நடைபெறும் ஏ.டி.எம்.எக்ஸ். ஆய்வு, வானொலிப் பெட்டியின் குமிழைத் திருப்பி நிலையம் தேடுவதைப் போல, ஒவ்வோர் அலைவெண்ணாகத் தேடி வருகிறது. மேற்கண்ட ஆக்சியானுக்குரிய அலைவெண் நொடிக்கு ஏறத்தாழ 140 கோடி. இதுவரை எந்த ஆய்விலும் ஆக்சியான் கிட்டவில்லை.

நியூட்ரினோப் பக்கத்துச் சோதனை வேறு. ஏற்றக் கருத்து மெய்யாயின் நியூட்ரினோவும் அதன் எதிர்த்துகளும் ஒன்றேயாதல் வேண்டும். அவ்வாறாயின் சில அணுக்கருக்கள் நியூட்ரினோவை வெளியிடாமலே இரண்டு எலெக்ட்ரான்களை உமிழ்ந்து சிதையும். அச்சிதைவைக் காண்பதற்கு, காஸ்மிக் கதிர் எட்டாத பாறையின் அடி வேண்டும். வெள்ளீயம்-124ஐக் கொண்டு இதைத் தேட இந்திய விஞ்ஞானிகள் திட்டம் வகுத்தனர். ஆனால் கோலாரின் ஆழ ஆய்வுகள் 1992இல் முடிவுக்கு வந்தன. 2001இல் சுரங்கமும் மூடப்பட்டது. காற்று மண்டல நியூட்ரினோவை முதலில் கண்ட நாடுகளுள் ஒன்று, அதனைக் காணும் இடத்தை இழந்தது.

இழந்ததை மீட்கும் முயற்சியே இந்திய நியூட்ரினோ ஆய்வுக்கூடம். முதலில் நீலகிரியில் சிங்காரா தெரிவு செய்யப்பட்டது. முதுமலைப் புலிகள் காப்பகத்தை ஒட்டியிருந்ததால் 2009இல் அனுமதி மறுக்கப்பட்டது. பின்னர்த் தேனி மாவட்டம் பொட்டிப்புரத்தில், போடி மேற்கு மலையின் கீழ், ஏறத்தாழ 2 கிலோமீட்டர் நீளச் சுரங்கவழி அமைத்து 50,000 டன் காந்த இரும்புக் கருவியை நிறுவுவது என்றாயிற்று. மத்திய அமைச்சரவை 2015 ஜனவரியில் ஏறத்தாழ 1,500 கோடி ரூபாய்ச் செலவில் இதற்கு ஒப்புதல் அளித்தது.

எதிர்ப்பு வலுவாக எழுந்தது. பாறை வெடிப்பால் நிலத்தடி நீர் பாதிக்கப்படுமா, மலைக்கு அப்பால் கேரளத்திலுள்ள இடுக்கி, முல்லைப் பெரியாறு அணைகளுக்கு ஆபத்து உண்டா, ஐந்து கிலோமீட்டருக்குள் அமைந்த மதிகெட்டான் சோலை தேசியப் பூங்கா என்னவாகும் என்பன மக்கள் கேட்ட கேள்விகள். அப்பெரியாற்றின் நீரே கொச்சிக்கருகில் கடலை அடைகிறது என்பதால் இக்கேள்விகள் தோப்பும்படிக்கும் தொலைவானவை அல்ல. நியூட்ரினோக் கதிர்வீச்சு தீங்கு செய்யும் என்ற அச்சத்திற்கு அடிப்படை இல்லை. அது கருவி இருப்பினும் இல்லாவிடினும் எல்லோரையும் ஊடுருவிச் செல்வதே. ஆனால் நீர், காடு, வெடிப்பு பற்றிய கேள்விகள் அத்தகையன அல்ல. அவற்றுக்கு ஊர் மக்களின் மொழியில், முன்கூட்டியே, ஆவணங்களுடன் விடை அளித்திருத்தல் வேண்டும். சுற்றுச்சூழல் அறிக்கையைத் தயாரித்த அமைப்புக்கு உரிய அங்கீகாரம் இல்லை என்ற காரணத்தால் 2017இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் அனுமதியை நிறுத்தி வைத்தது. இது விஞ்ஞானத்தின் குறையன்று, நிர்வாகத்தின் குறை. அலுவலர்கள் கருதத்தக்க செய்தி. 2018இல் மத்திய அரசு மீண்டும் சுற்றுச்சூழல் அனுமதி வழங்கிற்று. வனவிலங்கு வாரியத்தின் இசைவும் தேவை என்றது தீர்ப்பாயம். 2022இல் தமிழ்நாடு அரசு இத்திட்டத்தை அனுமதிக்க இயலாது என்று உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது.

உலகம் காத்திருக்கவில்லை. நியூட்ரினோ நிறைகளின் வரிசை முறையை அறிவது பொட்டிப்புரத்தின் தலையாய நோக்கம். அதே நோக்கத்துடன் சீனாவில் 20,000 டன் திரவம் கொண்ட ஜூனோ ஆய்வு 2025 ஆகஸ்டில் தரவு சேகரிக்கத் தொடங்கிவிட்டது. இந்தியாவில் ஜார்க்கண்டின் ஜாதுகோடா யுரேனியச் சுரங்கத்தில், 555 மீட்டர் ஆழத்தில், 2017இல் ஒரு சிறு ஆய்வுக்கூடம் திறக்கப்பட்டது. கரும்பொருள் தேடல் அங்கே நடைபெறுகிறது. அதன் ஆழம் கோலாரின் நான்கில் ஒரு பங்கு. மதுரையில் 85 டன் எடையுள்ள மாதிரிக் கருவி ஒன்று 2018 முதல் இயங்கியது. மேலே பாறை இல்லாமையால் அதில் பதிவானவை நியூட்ரினோக்கள் அல்ல. கோலாரின் ஆழத்தில் இரண்டு மாதம் காத்திருந்தும் ஒன்றுகூடத் தென்படாத அதே காஸ்மிக் கதிர்கள்தாம்.